வாசலைத் தாண்டாத பாட்டு

மைசூருக்கு வந்த புதிதில் எனக்கு விசித்திரமாகப் பட்டது அரண்மனையும் இல்லை, தசராவும் இல்லை. எங்கள் வாடகை வீட்டு முற்றத்தில் இருந்த குழாய்தான். காலை ஆறு மணிக்கு அது இரண்டு தடவை இருமிவிட்டுத் தண்ணீர் விடும். ஆறு குடித்தனங்களுக்கும் அது ஒன்றுதான். அந்தத் தண்ணீர் காவிரி என்று யாரோ சொல்ல, ஊரிலிருந்து அம்மாவோடு வந்து என்னிடம் தங்கிவிட்ட அப்பாவுக்குப் பெரிய சங்கடமாகிவிட்டது. மேட்டூருக்குக் கீழே ஆற்றங்கரையில் எங்கள் ஊர். அங்கே ஒரு கை நீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொள்ளாமல் யாரும் ஆற்றில் கால் வைக்கமாட்டார்கள். அப்பா குழாயடியிலும் அதையே செய்தார். செருப்பைக் கழற்றி, குனிந்து, ஒரு கை தண்ணீர் பிடித்துத் தலையில் தெளித்து, கண்ணை மூடி நிற்பார். பின்னால் குடங்களோடு வரிசை நிற்கும். "ஏனு தாத்தா, நல்லிகூ பூஜேனா?" என்று பக்கத்துக் குடித்தனத்து ஜெயம்மா சிரிப்பார். குழாய்க்கும் பூஜையா என்று கேட்கிறார். அப்பாவுக்குக் கன்னடம் தெரியாது. தன்னை நலம் விசாரிப்பதாக நினைத்துக்கொண்டு, "நல்லா இருக்குறேனுங்கம்மா" என்பார். இப்படியே மூன்று வருடம் இருவரும் சந்தோஷமாகப் பேசிக்கொண்டார்கள்.

ஊரில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்கள், ஒரு குழாயைப் பற்றி இவ்வளவு எழுதுவானேன் என்று நினைக்கலாம். எங்கள் கரைக்காரர்களுக்கு அந்த ஆறு வெறும் தண்ணீர் இல்லை. செத்தால் கூட்டிப்போக வேண்டியவள் அவள். அதற்கென்று எங்களிடம் ஒரு பதிகம் இருக்கிறது. பத்துப் பாட்டு. அதற்குப் பெயர்கூட யாரும் வைக்கவில்லை, பதிகம் என்றுதான் சொல்வோம். கோயிலில் பாடுவதில்லை, வீட்டுக்குள் முணுமுணுக்கவும் கூடாது. பாடை வாசலைத் தாண்டும் அந்த நொடியில் மூத்த மகன் அடியெடுக்க வேண்டும். அவன் வாய் திறந்த பிறகுதான் மற்றவர்கள் சேர்ந்துகொள்ளலாம். அவன் எடுக்காவிட்டால் வேறு யாரும் எடுக்கக் கூடாது. ஒவ்வொரு பாட்டும் ஒரே வரியில்தான் முடியும்: "கொண்டு போனவளே, கொண்டு சேர் காவேரி."

அதைக் கட்டியவர் யார் என்று ஊரில் இரண்டு கட்சி உண்டு. அம்மனே பூசாரியின் கனவில் வந்து சொன்னது என்பது கோயில்காரர்களின் கட்சி. அப்பா அதை ஒப்புக்கொள்ளமாட்டார். "சாமி குடுத்த பாட்டுன்னா சாமியவே இப்படித் திட்டுமா?" என்பார். அவர் சொன்ன கதை இது. அணை கட்டுவதற்கு முன், ஒரு ஆடி வெள்ளத்தில், கல்யாண வீட்டுக்காரர்களை ஏற்றிவந்த பரிசல் கவிழ்ந்துவிட்டது. பத்துப் பேர் போனார்கள். பரிசல்காரன் மட்டும் பிழைத்தான். போன பத்தில் ஒருத்தி அவன் மகள். ஒரு உடலும் கிடைக்கவில்லை. பத்து நாள் அவன் கரையோடு நடந்தான், நாளுக்கு ஒருவருக்காகப் பாடிக்கொண்டு. மணப்பெண்ணுக்கு ஒரு பாட்டு, மேளக்காரருக்கு ஒரு பாட்டு, கைக்குழந்தைக்கு ஒரு பாட்டு. நீதானே கொண்டு போனாய், பாதியில் விடாதே, கொண்டுபோய்ச் சேர்த்துவிடு என்று ஆற்றிடம் சண்டை. அவர்கள் வழி தெரியாமல் தண்ணீரிலேயே சுற்றுவார்கள் என்று அவன் பயந்திருக்கிறான். அந்தப் பயம் எங்கள் ஊருக்கே வந்துவிட்டது. பாட்டு இல்லாமல் போனவர் வாசலைத் தாண்டமாட்டார், நின்ற இடத்திலேயே நிற்பார் என்று இன்றும் நம்புகிறார்கள். அப்பா தன்னுடைய அப்பாவுக்கு அடியெடுத்தவர். பிறகு யார் வீட்டுச் சாவென்றாலும் இரண்டாவது குரல் அவருடையதுதான். அவர் பாடி நான் கேட்டபோதெல்லாம் எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும். யார் மேல் என்று தெரியாத கோபம். அதுதான் அந்தப் பாட்டின் ருசி என்று இப்போது தோன்றுகிறது.

அந்தப் பதிகத்தின் ஏழாம் பாட்டில் இரண்டு வரி எங்களில் யாருக்கும் அர்த்தம் தெரியாது. மந்திரம் என்று விட்டுவிட்டோம். நான் இங்கே வயரிங் வேலை செய்கிறேன். நகரின் விளிம்பில், விஜயநகரில் புதிதாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. ஒருநாள் ஓய்வுபெற்ற ஒருவரின் வீட்டில், சுவரில் குழாய் பதித்துக் கம்பி இழுத்துக்கொண்டிருந்தேன். கை வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்காதே. என்னை அறியாமல் ஏழாம் பாட்டை முணுமுணுத்திருக்கிறேன். குடி வராத புது வீட்டில் சாவுப் பாட்டு! எங்கள் ஊராக இருந்தால் செருப்பால் அடித்திருப்பார்கள். வீட்டுக்காரர் ஏணியின் கீழே வந்து நின்றார். "மகளு ஹோத்ளேனப்பா?" என்று மெதுவாகக் கேட்டார். மகள் போய்விட்டாளா என்று. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் பாடிய இரண்டு வரியைத் திருப்பிச் சொன்னார். எங்கே போனாய் மகளே, உன் பூவை யார் பறித்தார்கள் என்பதுதான் அது. சுத்தமான கன்னடம், எங்கள் பக்கத்து வாயில் அடிபட்டுத் தேய்ந்துபோயிருந்தது. எனக்கு மகள் சாகவில்லை என்று எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. அன்று காபி கொடுத்து, மதியத்துக்கு மேல் வேலை வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பரிசல்காரன் மேலாற்றிலிருந்து, கொள்ளேகால் பக்கமிருந்து வந்தவனாக இருக்க வேண்டும். ஒன்பது பேருக்கு எங்கள் பாஷையில் பாடியவனுக்குத் தன் மகள் முறை வந்தபோது தன் பாஷைதான் வந்திருக்கிறது. அப்பாவிடம் சொன்னேன். "அப்ப அவனும் நம்மள மாதிரி பொழைக்க வந்தவந்தானா" என்றார்.

தொண்ணூற்றொன்றின் கடைசி மாதம் எப்படி இருந்தது என்று இங்கே இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் இருந்தவர்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். ஆற்றுத் தண்ணீரைப் பங்கு போடும் தீர்ப்பு வந்து, தமிழ் பேசுகிறவன் என்றால் முறைத்துப் பார்க்கும் நாட்கள். என் மனைவி செல்வி சுவரில் தொங்கிய தமிழ்க் காலண்டரைக் கழற்றி அரிசிப் பானைக்குள் வைத்தாள். தமிழ்நாட்டுக்குப் பஸ் நின்றுவிட்டது. எங்கள் தெருவில் யாரும் எங்களைத் தொடவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் இரண்டு தெரு தள்ளி ஒரு தமிழரின் இஸ்திரி வண்டி எரிந்தது. அதன் புகை எங்கள் முற்றத்துக்கும் வந்தது. வீட்டுக்குள்ளேயே சைகையில் பேச ஆரம்பித்தோம். அப்பாவுக்குப் பழைய இளைப்பு நோய். மூன்றாம் நாள் காலையில் மூச்சு இழுத்துக்கொண்டது. ஆட்டோ எதுவும் வரவில்லை. பக்கத்துக் குடித்தனத்து ஜெயம்மாவின் கணவர் சித்தேகவுடர், குண்டலுபேட்டைக்காரர், காய்கறி மண்டியில் மூட்டை தூக்குபவர், அப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனை வரை ஓடினார். அங்கேயே அப்பாவின் உயிர் போய்விட்டது. உடலை ஊருக்குக் கொண்டுபோக வழியில்லை. அன்று மதியமே இங்குள்ள சுடுகாட்டில் எரிப்பது என்று முடிவானது.

எங்கள் வழக்கத்தில் இன்னொன்றும் உண்டு. அதைச் சொன்னால்தான் நான் செய்தது புரியும். பெண்கள் சுடுகாட்டுக்கு வருவதில்லை. வாசலில் நின்றபடி பாட்டைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பாட்டு தூரம் போகப் போகத் தேய்ந்து, காதுக்கு எட்டாமல் போகும்வரை யாரும் உட்காரக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது. அது ஓய்ந்த பிறகுதான் வீட்டைக் கழுவிவிடுவார்கள். செத்தவரின் மனைவிக்குத் தாலி கழற்றுவதும் அதற்குப் பிறகுதான். பாட்டு கேட்கிறவரை அவர் போய்க்கொண்டிருக்கிறார், அவள் வழியனுப்பிக்கொண்டிருக்கிறாள் என்று கணக்கு.

பாடை தூக்க நாங்கள் ஆறு பேர். செல்வியின் அண்ணன் பழனிச்சாமி எனக்குப் பின்னால் நின்றான். முன்னால் சித்தேகவுடர். கிளம்பும் முன் அவர் என் காதருகில் வந்து, "பாயி முச்கொண்டு நடீரி. நான் இத்தீனி" என்றார். வாயை மூடிக்கொண்டு நடங்கள், நான் இருக்கிறேன். நல்ல மனதோடு சொன்னார். அவருக்குப் பதிகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அழுது கூச்சல் போட வேண்டாம் என்றுதான் அர்த்தம். பாடை வாசலைத் தாண்டியது. பழனிச்சாமி என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான், எனக்குத் தெரியும். தெருமுனை டீக்கடை வாசலில் ஏழெட்டு இளைஞர்கள் நின்றார்கள். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் அந்த ஆற்றின் பெயரை, தமிழில், தொண்டை கிழிய, கொண்டு போனவளே என்று கத்த வேண்டும். அந்த வாரத்தில், அந்தத் தெருவில். என் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. நாலு அடி நடந்தோம், பத்து அடி நடந்தோம். பிறகு எடுத்துப் பிரயோசனமில்லை. டீக்கடையை நெருங்கியபோது அந்த இளைஞர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருவன் நெஞ்சில் கை வைத்துக் கும்பிட்டான். நான் பாடியிருந்தாலும் கும்பிட்டிருப்பானோ, கல்லை எடுத்திருப்பானோ, அது எனக்கு இந்த ஜென்மத்தில் தெரியப்போவதில்லை. நான் கோழை. இதைவிட மரியாதையான சொல் என்னிடம் இல்லை.

திரும்பி வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். மூன்று மணி நேரம். செல்வியும் ஜெயம்மாவும் இரண்டு பக்கமும் பிடித்திருந்தார்கள். கழுத்தில் தாலி அப்படியே இருந்தது.

"பாட்டு கேக்குலியே கண்ணு. எடுத்தியா இல்லையா?"

"எடுத்தேம்மா. மெயின் ரோடு தாண்டித்தான் எடுத்தேன். லாரி சத்தத்துல உனக்குக் கேட்டிருக்காது."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பழனிச்சாமி தரையைப் பார்த்தான். "செரி, அப்ப ஓஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் மணையில் உட்கார்ந்து கழுத்தைக் காட்டினாள். செல்வி அழுதுகொண்டே தாலியைக் கழற்றினாள். நான் குளிக்கப் போனேன். தண்ணீரைத் தலையில் ஊற்றும்போதுதான் உறைத்தது, அந்த மூன்று நாளும் மெயின் ரோட்டில் ஒரு லாரிகூட ஓடவில்லை.

அதன் பிறகு மைசூர் பழையபடி ஆகிவிட்டது. காலண்டர் சுவருக்கு வந்தது. வீடு கட்டுகிறவர்கள் என்னைத் தேடி வந்தார்கள், தமிழனா கன்னடக்காரனா என்று மின்சாரம் கேட்பதில்லை. தொண்ணூற்று ஐந்தில் விஜயநகரை ஒட்டி நல்ல வீடு ஒன்று வாடகைக்கு வந்தது. தனிக் குழாய், தனிக் கழிவறை. அம்மா வரமாட்டேன் என்றுவிட்டாள். ஏன் என்று கேட்டால் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விடுவாள். ஊருக்காவது போய்த் தம்பியோடு இரு என்றால் அதற்கும் மாட்டேன் என்று தலையாட்டல். ஜெயம்மாவோடு பழகிவிட்ட பிடிப்பு என்று நினைத்தேன். அந்தப் பிடிப்பும் உண்மைதான், அதற்குள் அம்மா கன்னடத்தில் சண்டையே போடுவாள். "உனக்காக நாங்க எல்லாரும் ஒரே பாத்ரூமுக்கு வரிசையில நிக்கணுமா?" என்று ஒருநாள் கத்தினேன். அவள் எழுந்து போய் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டாள். அவள் எப்போதும் படியின் ஓரமாகத்தான் உட்காருவாள். நடுவில் யாராவது உட்கார்ந்தால் எழுப்பிவிடுவாள்.

விஷயம் உடைந்தது ஜெயம்மாவின் நல்ல வாயால். குண்டலுபேட்டையில் யாரோ உறவினரின் சாவுக்குப் போய்வந்து, தமுக்கடித்துக் குடித்து ஆடி அமர்க்களம் செய்தார்கள் என்று அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சோடு பேச்சாக, உங்கள் வீட்டுத் தாத்தா போனபோது எவ்வளவு மரியாதையாக இருந்தது, சுடுகாடு போய்ச் சேரும்வரை உங்கள் மகன் வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை என்று என் கணவர் இன்றும் சொல்லிச் சொல்லிப் பாராட்டுவார் என்றார். நான் ஷேவ் செய்துகொண்டிருந்தேன். கத்தி நின்றுவிட்டது. அம்மா ஜெயம்மாவிடம் "ஹௌதும்மா" என்று மட்டும் சொன்னாள். ஆமாம்மா.

ஜெயம்மா போனதும் நான் அம்மாவின் காலடியில் போய் உட்கார்ந்தேன். அவளே பேசினாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும். லாரி ஏது?"

"அப்பறம் ஏம்மா தாலியக் கழட்ட உட்டே?"

"நீ பயந்துபோயி வந்து நின்னே. உன்ற மூஞ்சியில ரத்தமே இல்ல. புருசன்தான் போயிட்டாரு, புள்ளையையும் வாசல்ல நிக்க வெக்கறதான்னுதான்."

நான் அழுதேன். நாளைக்கே ஊருக்குப் போவோம், ஆற்றங்கரையில் நின்று பத்துப் பாட்டையும் பாடிவிடுகிறேன் என்றேன். அவள் கையை ஆட்டி நிறுத்தினாள். "ஆத்துக்கிட்ட போய் என்னத்தப் பாடுவே? உங்கய்யன் அங்கெயா இருக்குறாரு? இங்கெ நிக்கிறாரு" என்று வாசல்படியின் நடுவைக் காட்டினாள். புது வீட்டுக்கு ஏன் வரமாட்டேன் என்றாள், படியோரமாக ஏன் உட்காருகிறாள், எல்லாம் அந்த ஒரு விரலில் விளங்கியது. பிறகு அவள் சொன்னதைத்தான் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

"நான் போகறப்போ நீ பாட்டு எடுக்காதே. என்னையும் அப்படியே கொண்டு போ. பாட்டோட போனா நான் ஆத்துக்குப் போய்ச் சேந்துருவேன். அவரு இங்கெ தனியா நிப்பாரு."

தொண்ணூற்றேழில் அம்மா போனாள். தலையில் ரத்தம் கட்டி இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்து, காலையில் அடங்கிவிட்டாள். அப்போது எந்தக் கலவரமும் இல்லை. பஸ் ஓடிக்கொண்டிருந்தது. ஊரிலிருந்து தம்பியும் பங்காளிகளும் வந்து சேர்ந்தார்கள். விஷயத்தைச் சொன்னபோது தம்பி ஆடிப்போனான். "நீ கெடுத்தது பத்தாதுன்னு இதையும் கெடுக்கறியா?" என்றான். அடியெடுக்கும் உரிமை என்னுடையது, நான் வாய் திறக்காமல் அவன் திறக்க முடியாது. அம்மாவின் வாக்கு என்றேன். காறித் துப்பிவிட்டு எனக்குப் பின்னால் வந்து நின்றான். அதற்குள் சித்தேகவுடருக்கும் பதிகத்தைப் பற்றித் தெரிந்திருந்தது, அம்மாவே ஜெயம்மாவிடம் எப்போதோ சொல்லியிருக்கிறாள். பாடை தூக்கும்போது அவர் என் தோளைத் தொட்டார். "ஈக யாரூ ஏனூ அன்னல்ல. ஹாடி" என்றார். இப்போது யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், பாடுங்கள். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. முன்பு வாயை மூடச் சொன்னதற்குப் பரிகாரம் செய்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

பாடை வாசலைத் தாண்டியது. பத்துப் பாட்டும் தொண்டையில் வந்து நின்றன. ஆறு வருடமாகக் குரலே இல்லாமல் கிடந்தவனுக்கு அன்று குரல் இருந்தது. பயமில்லை, தெரு காலியாக இருந்தது. ஏழாம் பாட்டில் சித்தேகவுடருக்கே புரிகிற இரண்டு வரியும் இருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். முதல் தடவை பயத்தால் விட்டேன், இந்தத் தடவை அவளுக்காக விட்டேன், வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான். சித்தேகவுடர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். தெருமுனை வந்தபோது அவர் முகம் சுருங்கிவிட்டது. இத்தனை வருடம் பக்கத்துச் சுவரில் வாழ்ந்தும் இவர்களுக்கு நம் மேல் பயம் போகவில்லை, நம்மை நம்பவில்லை என்று எடுத்துக்கொண்டார். பிறகு எத்தனையோ தடவை விளக்கிச் சொல்லப் பார்த்தேன். அதையெல்லாம் சொல்ல என் கன்னடம் போதாது. "ஹோக்லி பிடி" என்கிறார், போகட்டும் விடு. பேசுகிறார், உதவி செய்கிறார், முன்போல என் வீட்டில் சாப்பிட உட்காருவதில்லை.

அம்மாவின் சாம்பலை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில், ஆறு கொஞ்ச தூரம் மேற்குப் பார்த்து ஓடுகிற இடத்தில் கரைத்தோம். எங்கள் ஊர் கிழக்கே இருக்கிறது. வளைந்து வளைந்து அங்கேதான் போய்ச் சேரும் என்று தம்பி சொன்னான். சாம்பல் போய்ச் சேரட்டும்.

தம்பி இப்போது கோபம் தணிந்து கடிதம் போடுகிறான். வீட்டுப் பங்கு அப்படியே இருக்கிறது, வந்துவிடு என்கிறான். எனக்கு வேலை கொடுக்கிறவர்கள் வயரிங் வேலைக்கு விஜயநகரில் சொந்தமாகக் கடை போடச் சொல்லிக் கேட்கிறார்கள், மாடியில் குடியிருக்க இடமும் தருகிறார்களாம். செல்வி இரண்டில் எதற்கென்றாலும் தயார். நான் இரண்டுக்கும் பதில் சொல்லவில்லை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, செத்தவர்கள் செத்தவர்கள்தான் என்று யாரிடம் வேண்டுமானாலும் வாதாடுவேன். ஆனாலும் தினமும் காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பும்போது, வாசல்படியில் நேராக இறங்குவதில்லை. சுவரோடு ஒட்டி, ஒருபக்கமாகத் திரும்பி, இரண்டு பேர் நிற்க இடம் விட்டுத்தான் இறங்குகிறேன்.